கூபாக்காரர் சிரித்தார்

அவர் சிரித்ததை நான் முதலில் தோள்களில்தான் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். ஸ்டுட்கார்ட்டின் ஓரத்தில், ரயில் பாதைக்கும் தோட்டக் குடில்களுக்கும் நடுவே எங்கள் பேஸ்பால் மைதானம். வெட்டிய புல்லின் வாசனையும், வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ கருக்கிக்கொண்டிருந்த வூர்ஸ்ட் தொத்திறைச்சியின் புகையும் கலந்து வந்தன. மைதானத்தின் நடுவிலிருக்கும் மண்மேட்டில், முகக்கவசத்தைத் தலைக்கு மேலே தள்ளிவிட்டுக்கொண்டு, எங்கள் பிட்சர் செந்தூரனைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். அவன் அழுதுவிடுவான் போலிருந்தான். எதிர் அணி அவனை அடி அடியென்று அடித்திருந்தது.

அவனைச் சிரிக்க வைக்கலாம் என்று முதல் பேஸ் பக்கம், அதாவது அடித்துவிட்டு ஓடுபவன் முதலில் தொட வேண்டிய மூலையின் பக்கம், கையைக் காட்டினேன். அங்கே எதிர் அணியின் துணைப் பயிற்சியாளர் கைகட்டி நின்றிருந்தார். கறுத்த, உயரமான, ஐம்பது தாண்டிய மனிதர். கியூபா நாட்டவர், ஜெர்மன்காரர்கள் வாயில் கூபாக்காரர்.

"அங்க பாருடா, அந்தக் கூபாக்காரனை. என்ன கெத்தா நிக்கிறான்! மூஞ்சியப் பார்த்தா எங்க ஊர் ரேஷன் கடைக்காரர் மாதிரியே இல்ல? வாயைத் தொறந்தா 'சர்க்கரை நாளைக்குத்தான் வரும்'னு சொல்லிருவான்."

செந்தூரன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பார்த்தான். "இல்லை அண்ணை. எங்கட கலியாண வீடுகளில முதல் பந்தியில ஓடிவந்து இருந்துபோட்டு, 'எனக்குப் பெருசாப் பசியில்லை' எண்டு சொல்லுற ஆக்கள் மாதிரி இருக்கிறார்."

கூபாக்காரர் சட்டென்று எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். குனிந்தார். தொப்பியைக் கழற்றி முகத்தில் அழுத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மைதானத்தில் வேறு எதுவுமே நடக்கவில்லை. பந்து சும்மா இருந்தது, அம்பயர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் எதற்காகச் சிரிக்கிறார்?

வேலிக்கு வெளியே வந்த பந்து

இதற்கு முன் எழுதியவற்றைப் படிக்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் மதுரைப் பக்கத்துக்காரன். ஸ்டுட்கார்ட்டில் கார் பிரேக்குகளைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை. கல்லூரியில் விக்கெட் கீப்பராக இருந்தவன். பேஸ்பாலுக்கும் எனக்கும் இங்கே வரும்வரை எந்தச் சம்பந்தமும் கிடையாது.

ஒரு மாலை நானும் மனைவி பாரதியும் அந்த ரயில் பாதையோரம் நடந்துகொண்டிருந்தபோது வேலியைத் தாண்டி ஒரு பந்து வந்தது. பாரதியின் தலையை நோக்கித்தான் வந்தது. வெறுங்கையால் பிடித்துவிட்டேன். உள்ளங்கை ஒரு வாரம் வீங்கிக் கிடந்தது. வேலிக் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்த வெள்ளைத் தாடிக்காரர் பாரதிக்கு அடிபட்டதா என்று கேட்கவில்லை. "உனக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை உண்டா?" என்று என்னிடம் கேட்டார். அவர்தான் ரைனர், எங்கள் கோச். பள்ளியில் வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பாரதி அவரை இன்றுவரை மன்னிக்கவில்லை.

கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு பேஸ்பாலை இப்படிச் சொல்லலாம். பிட்சர் என்பவன் பந்தைத் தரையில் குத்தாமல் நேரே எறிகிறான். மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தியிருக்கும் கேட்சர் அதைப் பிடிக்கிறான். அது நான். அடுத்து என்ன பந்து போடலாம் என்று முடிவு செய்வதும் கேட்சர்தான். வேகமானதா, வளைவதா, ஏமாற்றும் மெதுவான பந்தா என்று தொடைகளுக்கு நடுவே விரல்களைக் காட்டிச் சொல்ல வேண்டும். மட்டைக்காரனுக்கு அது முன்கூட்டியே தெரிந்துவிட்டால் பிட்சர் கதை முடிந்தது. என்ன பந்து வருகிறதென்று தெரிந்தவனை ஏமாற்ற வழியே கிடையாது.

செந்தூரன் கைக்குழந்தையாக யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்தவன். வீடுகளுக்கு ஹைட்சுங் பொருத்தும் வேலை, அதாவது குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் கருவிகள். அதற்கான ஆவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி முடித்து நல்ல பெயரெடுத்தவன். இடக்கைக்காரன். அவனுடைய பந்தில் பெரிய வேகம் இல்லை. ஆனால் மட்டைக்குக் கிட்டே வந்து வளையும் பாருங்கள், பின்னால் குந்தியிருக்கும் எனக்கே சில சமயம் பல்லில் படப் பார்க்கும்.

எங்களுக்கென்று ஒரு மொழி

முதல் வருடம் விரலால்தான் காட்டினோம். இரண்டாவது பேஸில் நிற்கும் எதிர் அணி ஓட்டக்காரன் என் விரல்களை நேராகப் பார்க்கிறான், பார்த்து மட்டைக்காரனுக்குச் சாடை காட்டுகிறான் என்று கொஞ்ச நாளில் தெரிந்தது. மற்ற அணிகள் இதற்காக விரல் கணக்கை நிமிடத்துக்கு நிமிடம் மாற்றித் தங்களையே குழப்பிக்கொள்ளும்.

"நாம ஏண்டா கஷ்டப்படணும்?" என்றேன் செந்தூரனிடம். "நமக்குத்தான் ஒரு language இருக்கே. கத்திச் சொல்லிரலாம்."

அன்றிலிருந்து சத்தமாகவே சொன்னேன். அதிலும் யாழ்ப்பாணச் சொற்களாகப் பொறுக்கினோம். எங்கள் ஊர்ப்பக்கத் தமிழன் எவனாவது வந்து நின்றால்கூடப் புரியக் கூடாது என்று ஒரு முன்யோசனை. வேகப் பந்துக்குக் 'கெதியா'. மெதுவான பந்துக்கு 'ஆறுதலா'. எங்கள் ஊரில் ஆறுதல் என்றால் எழவு வீட்டில் சொல்வது. செந்தூரன் வீட்டில் 'ஆறுதலா வாங்கோ' என்றால் அவசரமில்லாமல் மெதுவாக வா என்று அர்த்தம். இதைப் புரிந்துகொள்வதற்குள் அவன் அம்மா என்னிடம் சொன்ன பல விஷயங்களுக்கு நான் துக்க முகத்தோடு பதில் சொல்லியிருக்கிறேன். வளையும் பந்துக்கு மட்டும் 'வளைச்சு' என்றே வைத்துக்கொண்டோம்.

சும்மா அந்தச் சொல்லை மட்டும் கத்த மாட்டேன். நடுநடுவே மட்டைக்காரனின் தொப்பை, அம்பயரின் கண் பார்வை, செந்தூரனுக்குப் பெண் பார்க்கும் படலம் எல்லாம் ஓடும். எனக்கு மெதுவாகப் பேச வராது. வீட்டிலும் அந்தப் புகார் உண்டு. மைதானம் முழுக்க எங்கள் தமிழ் கேட்கும். எதிர் அணிக்காரர்கள் எரிச்சலோடு பார்ப்பார்கள். எனக்குப் பரம சந்தோஷம்.

நன்றாகவே வேலை செய்தது. ஆட்டுக்காரர்களிடம் தவிர.

ஆங்ஸ்ட்கேக்னர்

தெற்கே மேட்டு நிலத்தில் ஒரு சின்ன ஊர். அந்த ஊர் அணியின் சட்டையில் ஒரு வெள்ளாடு வரைந்திருக்கும். அதனால் நானும் செந்தூரனும் அவர்களுக்கு வைத்த பெயர் ஆட்டுக்காரர்கள். அப்படியொன்றும் பெரிய அணி இல்லை. எங்களிடம் தோற்றவர்கள் எல்லாம் அவர்களைத் தோற்கடித்தார்கள். ஆனால் எங்களோடு ஆடும்போது மட்டும் ஆட்டுக்காரர்களுக்குச் சாமி வந்துவிடும். செந்தூரன் போட்ட பந்தெல்லாம் வேலிக்கு அப்பால் போகும்.

ஜெர்மன்காரர்கள் இதற்கு ஒரு சொல்லே வைத்திருக்கிறார்கள். ஆங்ஸ்ட்கேக்னர். நம்மைப் பார்த்தாலே ஜெயித்துவிடுகிற, நாம் பார்த்தாலே நடுங்குகிற எதிராளி. ரைனர் அந்தச் சொல்லை நோயின் பெயரைச் சொல்வதுபோலத் தணிந்த குரலில் சொல்வார்.

நான் எகிறுவேன். "Rainer, please. நாலு மேட்ச் தோத்தா அது pattern இல்ல. காசு சுண்டினா தொடர்ந்து பூவே விழறதில்லையா? காசுக்கும் நமக்கும் பகையா?" என்று ஜெர்மனில் சொல்வேன். ஓர் அணிக்கு இன்னொரு அணிமேல் தனியாக ஒரு பிடி இருக்கிறது என்பதை ஒரு பொறியாளன் எப்படி ஒப்புக்கொள்வது? பிரேக் திங்கட்கிழமை பிடிக்கும், செவ்வாய்க்கிழமை பிடிக்காது என்பது மாதிரி இருக்கிறது.

அவர் தாடியைத் தடவுவார். "வேதியியலில் எல்லாம் எல்லாவற்றோடும் ஒரேமாதிரி வினை புரிவதில்லை" என்பார்.

எங்கள் கல்லூரி விடுதியிலும் இப்படி ஒரு பேச்சு இருந்தது. பக்கத்து பாலிடெக்னிக்கிடம் மட்டும் தோற்றுக்கொண்டே இருந்தோம். ராசி இல்லை என்று கேப்டன் தாடி வளர்த்தான், பிறகு எடுத்தான், பிறகு மீசையையும் எடுத்தான். ஒன்றும் நடக்கவில்லை. அவர்கள் ஊர் ஆடுகளத்தில் பந்து முழங்காலுக்கு மேலே எழும்பவே எழும்பாது. அதில் பழகியவர்களை எப்படி அவுட்டாக்குவது என்று எங்களில் ஒருவன்கூட யோசிக்கவில்லை. மீசையைத்தான் யோசித்தோம்.

செந்தூரனுக்கு இந்தத் தர்க்கமெல்லாம் வேண்டாம். அவன் உள்ளுக்குள் உடைந்துகொண்டிருந்தான். அவன் அம்மா கோயிலில் அவன் பெயருக்கு அர்ச்சனை செய்தார். கண்ணூறு என்றார். அணியில் மற்றவர்கள் ஆட்டுக்காரர்கள் வரும் வாரத்தில் அவனிடம் அளவுக்கு மீறி அன்பாகப் பேசத் தொடங்கினார்கள். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம் ஆட்டுக்காரர்களோடு, எங்கள் மைதானத்தில். தோற்றால் கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டும். ரைனர் ஒரு முடிவோடு வந்தார். இந்த ஆட்டத்துக்குச் செந்தூரன் பந்து போட வேண்டாம், உட்காரட்டும்.

செந்தூரன் எழுந்துவிட்டான். ரைனரிடம் ஜெர்மனில் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. என்னிடம்தான் திரும்பினான்.

"இவங்களுக்கு மட்டும் நான் போடக்கூடாதெண்டா, பேந்து நான் என்னத்துக்கு வரவேணும் அண்ணை? ராசியில்லாதவன் எண்டு எழுதி ஒட்டிவிடச் சொல்லுங்கோ. நான் சப்பாத்தைக் கழட்டி வைச்சிட்டுப் போறன். இனி இந்தப் பக்கமே வரமாட்டன்."

வீம்புக்குச் சொல்லவில்லை. அவனை எனக்குத் தெரியும். ரைனரை ஒரு மணி நேரம் கெஞ்சினேன். கடைசியில் ஓர் ஒப்பந்தம். செந்தூரன் தொடங்கட்டும். வழக்கம்போல அடித்தால் அவனே இறங்கிவிட வேண்டும், ஆட்டுக்காரர்களுக்கு எதிராக இனி எப்போதும் பந்து கேட்கக் கூடாது.

அவர்கள் வழக்கம்போலத்தான் அடித்தார்கள். ரைனர் பெஞ்சிலிருந்து எழுந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, அவர் வருவதற்குள் நான் மண்மேட்டுக்கு ஓடினேன். அப்போதுதான் ரேஷன் கடைக்காரர் பேச்சு. அப்போதுதான் அந்தத் தோள்கள்.

கை தட்டல்

ரைனரிடம் இன்னும் ஒரே ஒரு மட்டைக்காரன் என்று கையால் கெஞ்சிவிட்டு என் இடத்துக்கு வந்து குந்தினேன். இருக்காது, இருக்கவே இருக்காது என்று சொல்லிக்கொண்டேன். கூபாவில் ஏது தமிழ்? ரைனர் ஒருமுறை அவரிடம் ஸ்பானிஷில் "ஓலா" என்று வணக்கம் சொல்லி, அவரும் "ஓலா" என்று பதில் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன்.

"ஆறுதலா!" என்று கத்தினேன். கண்ணை மட்டும் முதல் பேஸ் பக்கம் வைத்திருந்தேன்.

அவர் இரண்டு முறை கை தட்டினார். மட்டைக்காரன் அவசரமில்லாமல் காத்திருந்து ஓங்கி அடித்தான். பந்து கோட்டுக்கு வெளியே விழுந்ததால் பிழைத்தோம்.

"வளைச்சு!"

ஒரு முறை தட்டினார்.

"கெதியா!"

கைகளைக் கட்டிக்கொண்டார்.

இத்தனை ஆட்டங்களாக இந்தக் கைதட்டலைக் கேட்டிருக்கிறேன். தன் ஆட்களை உற்சாகப்படுத்துகிறார், நல்ல மனிதர் என்று பாராட்டியும் இருக்கிறேன். என் தலைக்குள் ஏதோ இடிந்து விழுந்தது. அவருக்குத் தமிழ் தெரியும். முதல் ஆட்டத்திலிருந்தே தெரியும். நான் கத்திய ஒவ்வொரு சொல்லும் தெரியும். அவருடைய வழுக்கையைப் பற்றிச் சொன்னது தெரியும். போன வருடம் அவர் கால்சட்டை தையல் விட்டிருந்ததைப் பற்றிச் சொன்னது தெரியும். ஐயோ, செந்தூரன் பெண் பார்க்கப் போய் பயத்தில் மூன்று டம்ளர் பாயசம் குடித்துவிட்டு வந்த கதை முழுவதும் தெரியும்!

அம்பயரிடம் நேரம் கேட்டு மறுபடி மண்மேட்டுக்கு ஓடினேன். கையுறையால் வாயைப் பொத்திக்கொண்டேன். வாழ்க்கையில் முதன்முறையாக மெதுவாகப் பேசினேன்.

"இனிமே மாத்தி. கெதியான்னா ஆறுதலா போடு. ஆறுதலான்னா கெதியா போடு."

"ஏன் அண்ணை?"

"அவருக்குத் தமிழ் தெரியும்டா."

"ஆருக்கு?"

"கூபாவுக்கு."

செந்தூரன் என் முகத்தையே பார்த்தான். "விசர்க்கதை கதையாதேங்கோ அண்ணை. வெய்யில் கூடிப்போச்சு உங்களுக்கு. தண்ணி குடிச்சனியளோ?"

"சொன்னதைச் செய்டா!"

திரும்பி வந்து, ஊருக்கே கேட்கும்படி "ஆறுதலா! நல்லா ஆறுதலா!" என்றேன். முதல் பேஸிலிருந்து இரண்டு தட்டல். மட்டைக்காரன் சாவகாசமாகக் காத்திருந்தான். செந்தூரனின் வேகப் பந்து அவன் மட்டையை அசைப்பதற்குள் என் கையுறைக்குள் வந்து அறைந்தது. அடுத்து "கெதியா!" அவன் புயல் மாதிரிச் சுழற்றினான். மெதுவான பந்து அவன் சுற்றி முடித்த பிறகு வந்து சேர்ந்தது. அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

கூபாக்காரரின் கைகள் தட்டுவதற்காகத் தூக்கியபடியே நின்றன. அவர் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். தொப்பியின் விளிம்பை இரண்டு விரலால் தொட்டுச் சின்னதாக ஒரு மரியாதை செய்தார்.

மண்மேட்டில் செந்தூரன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

அதற்குப் பிறகு அவர் கை தட்டவில்லை. ஆனால் அவருடைய ஆட்கள் குழம்பிவிட்டார்கள். தட்டலுக்காகக் காத்திருந்து காத்திருந்து, வந்த பந்தைக் கோட்டைவிட்டார்கள். நாங்கள் ஜெயித்தோம். ரைனர் செந்தூரனைத் தூக்கிச் சுற்றினார். ஆங்ஸ்ட்கேக்னர் செத்துவிட்டது என்று அறிவித்தார்.

வண்டி நிறுத்துமிடத்தில்

நான் கொண்டாட்டத்தில் நிற்கவில்லை. கால் தடுப்புகளைக்கூடக் கழற்றாமல் வண்டி நிறுத்துமிடத்துக்குப் போனேன். செந்தூரனும் கூடவே வந்தான். அவர் தன் காரின் பின்பக்கம் மட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குத் தமிழ் தெரியுமா?" என்றேன். கோபத்தில்தான் கேட்டேன்.

"தெரியும் தம்பி" என்றார். "உங்கட தமிழ்தான் எனக்குக் கொஞ்சம் கஷ்டம். இவர் தம்பியின்ரை எல்லாம் வடிவா விளங்கும்."

செந்தூரன் என் தோளைப் பிடித்துக்கொண்டான். "அண்ணை, இவர் யாழ்ப்பாணம்" என்றான், ஏதோ ஆவியைக் கண்டதுபோல.

"அப்ப நீங்க கூபா இல்லையா?"

"கூபாவோ? ஆர் சொன்னது?"

"உங்க ஆளுங்கதான்! கூபா, கூபான்னு கூப்பிடுறாங்களே!"

அவர் மறுபடியும் சிரித்தார். "குகா எண்டு கூப்பிடுறாங்கள் தம்பி. என்ரை பேர் குகன்."

ஜெர்மனில் கியூபா தேசத்துக்குக் கூபா என்றுதான் பெயர். கறுப்பாக இருக்கிறார், அந்த நாட்டின் தேசிய விளையாட்டான பேஸ்பால் தெரிகிறது, கூபா என்று காதில் விழுகிறது. வேறென்ன நினைப்பது? எங்கள் அணி முழுவதுமே அப்படித்தான் நினைத்தது. ஆனால் இரண்டு தமிழர்கள் ஒரு தமிழ் முகத்தைப் பார்த்து, நம் ஊர் ரேஷன் கடைக்காரர் மாதிரி இருக்கிறார் என்று வாயால் சொல்லிவிட்டு, அதற்கு மேல் ஓர் அடியும் யோசிக்காமல் நின்றோமே. அந்த அதிர்ச்சி எனக்கு இன்னும் தீரவில்லை.

அப்போது அதையெல்லாம் நினைக்கவில்லை. சண்டைக்குத்தான் போனேன். "இது ஏமாத்து வேலை இல்லையா?"

"காதைப் பொத்திக்கொண்டோ நிக்கிறது? நீங்கள் கத்துறியள், எனக்குக் கேக்குது. விளையாட்டெண்டா வெல்லத்தானே வேணும்?"

உண்மையில் அதற்கு விதியில் தடை இல்லை. தோற்ற வழக்கறிஞன் மாதிரி வேறு பக்கம் தாவினேன். "சரி, இத்தனை வருஷமா ஒரு வணக்கம்கூடச் சொல்லலையே? என்ன மனுஷன் நீங்க?"

அவர் காரின் பின்கதவை மூடினார். துடைக்க ஒன்றுமில்லாத கையைக் கால்சட்டையில் துடைத்தார்.

"அந்த ஊர்ல நான் ஒருத்தன்தான் தமிழ். மனுசி ஜெர்மன்காரி. பிள்ளையளுக்கு 'வா', 'சாப்பிடு' மட்டும் தெரியும். இஞ்ச ஸ்டுட்கார்ட்டுக்கு வந்தா எங்கட ஆக்கள் இருக்கினம்தான். கண்ட உடனே கேப்பினம், நீர் எந்த ஊர்? பேந்து, ஆற்ற பிள்ளை? பேந்து, ஏன் வெள்ளைக்காரியைக் கட்டினனீர்? பேந்து, அம்மான்ரை செத்தவீட்டுக்கும் நீர் போகேல்லையாமே? நான் வாறதை விட்டிட்டன். நீங்கள் ரெண்டு பேரும் என்னட்டை ஒண்டும் கேக்கேல்லை. நான் சும்மா கேட்டுக்கொண்டு நிண்டன்."

செந்தூரன் தரையைப் பார்த்தான். எனக்கு இரக்கம் வரவில்லை. வந்திருக்க வேண்டும், வரவில்லை. அவனைச் சப்பாத்தைக் கழற்ற வைத்திருப்பார் இந்த ஆள் என்பதுதான் மண்டையில் சூடாக ஓடிக்கொண்டிருந்தது.

காரில் ஏறும்போது அவர் கேட்டார். "இனி விரலாலதானே காட்டுவியள்?"

"பின்ன?" என்றேன், ஜெயித்தவன் குரலில்.

அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

விரல்கள்

குளிர்காலம் முழுக்க நானும் செந்தூரனும் விரல் பாஷை பழகினோம். யாருக்கும் பிடிபடாத கணக்கு. எனக்கு உள்ளுக்குள் பெரிய நிம்மதி. ஆங்ஸ்ட்கேக்னரும் இல்லை, ராசியும் இல்லை. திருட்டுக் காது ஒன்றுதான் காரணம், அதை அடைத்தாயிற்று. ரைனரிடம் கரும்பலகையில் எழுதிக்காட்டாத குறையாக விளக்கினேன். பாரதியிடம் சாப்பாட்டு மேசையில் விளக்கினேன். "அவருக்கு ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாமே" என்று மட்டும் சொன்னாள். எதற்கு என்று கேட்டேன். அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வசந்தத்தில் ஆட்டுக்காரர்களின் ஊரிலேயே ஆட்டம். மேட்டு நிலத்துக் காற்று முகத்தில் குத்தியது. முதல் பேஸ் அருகே குகன் நின்றார். நான் தலையை அசைத்தேன், அவரும் அசைத்தார்.

நாங்கள் ஒரு சொல்கூடப் பேசவில்லை. விரல் மட்டும்தான். நக்கல் இல்லை, அம்பயரின் கண் பார்வை இல்லை. வாயைத் திறந்தால் ஏதாவது நழுவிவிடுமோ என்று பயம். அவர் கை தட்டவே இல்லை. நான் அவரைவிட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் இருந்தன.

ஆட்டுக்காரர்கள் செந்தூரனை அடித்தார்கள். நேரே போட்டதை அடித்தார்கள், மெதுவாகப் போட்டதை அடித்தார்கள். வளைந்த பந்தை எங்கே வளையுமென்று தெரிந்தவர்கள் மாதிரி அங்கேயே மட்டையைக் கொண்டுபோய் வைத்து அடித்தார்கள். என் விளக்கம், என் கரும்பலகை, எல்லாம் வேலிக்கு அப்பால் போய்க்கொண்டிருந்தது. இத்தனைக்குப் பிறகும் எப்படி?

ரைனர் மண்மேட்டுக்கு நடந்து போய்ச் செந்தூரனிடமிருந்து பந்தை வாங்கிக்கொண்டார். திட்டவில்லை. தோளில் தட்டினார். செந்தூரன் பெஞ்சுக்கு வந்ததும் குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்க்கத் தொடங்கினான். ஒன்றை அவிழ்த்துவிட்டு, மற்றதை அவிழ்க்காமல் ஆட்டம் முடியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தான்.

முடிந்ததும் ஒற்றைச் சப்பாத்தோடு எழுந்து மைதானத்தைக் குறுக்காகக் கடந்து குகனை நோக்கிப் போனான். அடித்துவிடுவானோ என்று பின்னாலேயே ஓடினேன்.

"இண்டைக்கு எப்பிடிச் சொன்னனியள்?" செந்தூரன் கேட்டான். "விரலையும் பிடிச்சிட்டியளோ? என்னை ஒரேயடியா முடிச்சுப்போட வேணுமெண்டே நிக்கிறியள்?"

குகன் அவன் காலைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார்.

"நான் ஒண்டும் சொல்லேல்லை தம்பி. நானும் இடக்கைதான். எங்கட பெடியளுக்குக் கிழமை முழுக்கப் பந்து போட்டுப் பழக்கிறது நான். உம்மட பந்து மாதிரியேதான் என்ரையும் வளையும். அதைத்தான் அவங்கள் எந்த நாளும் அடிக்கிறாங்கள். வேற ஆரும் இடக்கையால உப்பிடிப் போடுறேல்லை, அதாலதான் மற்ற ஆக்களிட்டைத் தோக்கிறாங்கள். உமக்கு ராசியுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. சப்பாத்தைப் போடும்."

வருடக்கணக்காக அந்தக் கைதட்டலே தேவைப்பட்டிருக்கவில்லை. செந்தூரன் நம்பவும் முடியாமல், நம்பாமல் இருக்கவும் முடியாமல் நின்றான்.

"சத்தியமா இண்டைக்கு ஒண்டும் சொல்லேல்லையோ?" என்று கேட்டான்.

"என்னத்தைத் தம்பி சொல்லுறது?" என்றார் குகன். "காலமையில இருந்து நிக்கிறன். இண்டைக்கு ஒரு தமிழ்ச் சொல்லும் என்ரை காதில விழேல்லையே."